1,295 டெம்ப்ளேட்டும் 10 நிமிடமும்: சிட்னி ஒலிம்பிக் இணையதள வழக்கு

2000 செப்டம்பர் 25 அன்று சிட்னியில் பெண்கள் 400 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமன் 49.11 விநாடியில் முதலிடம். ஜமைக்காவின் லொரெய்ன் கிரஹாம் 49.58, பிரிட்டனின் கேதரின் மெரி 49.72. இடம், பெயர், நாடு, நேரம் என நான்கு நெடுவரிசை போட்டு எழுதிவிட்டால் கண்ணுள்ளவருக்கு அரை நொடி வேலை. அதே அட்டவணையைத் தலைப்புச் செல் இல்லாமல் எழுதி, ஸ்கிரீன் ரீடரில் (திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள்) கடைசி நெடுவரிசையில் மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். “49.11”, “49.58”, “49.72”. யாருடைய எண்? நேரமா, தூரமா, புள்ளியா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு செல் இடப்பக்கம் போய்ப் பெயரைக் கேட்டு, இரண்டு செல் திரும்பி வர வேண்டும். இது நான்கே நெடுவரிசை. டெகாத்லானில் பத்துப் போட்டியும் ஒரு கூட்டுத்தொகையும் உண்டு. எட்டாவது செல்லில் நிற்கும்போது அது கோலூன்றித் தாண்டுதலா வட்டெறிதலா என்று சொல்ல யாரும் இல்லை.

இணையதள அணுகல்தன்மையைப் பற்றி, அதாவது தளத்தை ஊனமுற்றவர்களும் பயன்படுத்த முடிவதைப் பற்றி, எழுந்த ஆரம்பகால வழக்குகளில் மிக முக்கியமான ஒன்று, சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தின் இப்படிப்பட்ட அட்டவணைகளைச் சுற்றி நடந்தது. கால் நூற்றாண்டு பழையதுதான். ஆனாலும் அதில் இரு தரப்பும் வைத்த கணக்குகள் இன்றைக்கும் எந்த அணுகல்தன்மைத் திட்டத்தின் முதல் கூட்டத்திலும் அப்படியே திரும்பி வருகின்றன. அதனால்தான் அதைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

புகார் என்ன?

1999 ஜூன் 7 அன்று புரூஸ் மகுவையர், சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் மேல் ஆஸ்திரேலியாவின் மனித உரிமைகள் மற்றும் சமவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். பிறவியிலேயே பார்வையற்றவர், கணினியைப் பிரெய்ல் டிஸ்ப்ளே (திரை எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக்கும் கருவி) வைத்துப் படிப்பவர். டிக்கெட் புத்தகம் பிரெய்லில் கிடைக்கவில்லை என்பதும் புகாரில் இருந்தது. அது தனியே முடிவானது. இணையதளம் பற்றிய பகுதியில் அவர் கேட்டவை மூன்றே மூன்று: எல்லாப் படங்களுக்கும் இமேஜ் மேப் (ஒரே படத்தின் பகுதிகளே லிங்காவது) லிங்குகளுக்கும் மாற்று உரை வேண்டும்; போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும்; போட்டி நாட்களில் முடிவு அட்டவணைகளைப் படிக்க முடிய வேண்டும்.

1992-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஊனமுற்றோர் பாகுபாட்டுச் சட்டம், பிரிவு 24, பொதுமக்களுக்குச் சேவை வழங்குவதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இணையதளம் அந்தச் சேவைகளில் ஒன்றா என்பது முதல் கேள்வி. ஆம் என்றது ஆணையம். சட்டம் ஒரு விதிவிலக்கையும் வைத்திருந்தது: சரிசெய்வது நியாயமற்ற கடுஞ்சுமையாக இருந்தால் செய்யத் தேவையில்லை. எதிர்த்தரப்பு தன் எடையின் பெரும்பகுதியை இந்த விதிவிலக்கின் மேல் வைத்தது. ஆகவே வழக்கு சட்டத்தைவிட மணிக்கணக்கைப் பற்றியதாகிப்போனது.

அப்போது கைவசம் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வலைத் தரநிலைகளை வகுக்கும் வலைக் கூட்டமைப்பின் உள்ளடக்க அணுகல் வழிகாட்டி முதல் பதிப்பு வெளியானது 1999 மே 5. புகாருக்கு ஒரு மாதம் முன்பு. ஆனால் வழிகாட்டி வரும்வரை காத்திருந்தோம் என்று சொல்ல வழியில்லை. படத்துக்கு ஆல்ட் (மாற்று உரையை எழுதும் பண்பு) கட்டாயம் என்பதும், அட்டவணைத் தலைப்புக்கு ஸ்கோப், ஹெடர்ஸ் ஆகிய பண்புகளும் பக்கங்களை எழுதும் மொழியின் 1997 டிசம்பரில் வந்த பதிப்பான எச்டிஎம்எல் 4.0-இலேயே இருந்தன. கேட்கப்பட்ட எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை.

படம் பேசாதபோது

ஆல்ட் இல்லாத படம் லிங்காக இருந்தால் ஸ்கிரீன் ரீடர் என்ன செய்யும்? எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று கோப்பின் பெயரையோ லிங்கின் முகவரியையோ எழுத்தெழுத்தாகப் படிக்கும். ஒரே பெரிய படத்தை வெட்டிப் பல லிங்குகளாக்கும் இமேஜ் மேப் அந்தக் காலத்தில் பெரிய மோஸ்தர். ஓடுகிறவர், நீந்துகிறவர், வில் பிடித்தவர் என்று சின்னங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆல்ட் இல்லாவிட்டால் வரிசை முழுவதும் வெறும் “லிங்க், லிங்க், லிங்க்” தான்.

இன்று இமேஜ் மேப் அரிதாகிவிட்டது. அதன் இடத்தில் ஐகான் பட்டன் உட்கார்ந்திருக்கிறது. மூன்று கோடு, பூதக்கண்ணாடி, பெருக்கல் குறி. உள்ளே எஸ்விஜி படம், வெளியே பெயரில்லாத பட்டன். கேட்பவருக்கு “பட்டன், பட்டன், பட்டன்”. சரிசெய்ய மூன்று வழி உண்டு. பட்டனில் கண்ணுக்குத் தெரியும்படியே “தேடு” என்று எழுதுவது முதல் வழி. அதுவே நல்ல வழியும். ஐகானை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ளத் திணறும் முதியவர்களுக்கும், குரலால் “தேடு என்பதை அழுத்து” என்று கட்டளையிடுபவர்களுக்கும் அதுவே உதவும். இரண்டாவது, பார்வைக்கு மறைத்த உரை. மூன்றாவது ஏரியா-லேபிள், அதாவது திரையில் தெரியாமல் ஸ்கிரீன் ரீடருக்குப் பெயர் சொல்லும் பண்பு. மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது: திரையில் “தேடு” என்று எழுதியிருக்க, ஏரியா-லேபிளில் “தகவல் கண்டறி” என்று வைத்தால், குரல் கட்டளை வேலை செய்யாது. கண் பார்க்கும் சொல் லேபிளுக்குள் அப்படியே இருக்க வேண்டும்.

ஆல்ட் எழுதுவதில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம், படத்தில் இருப்பதை வருணிப்பது. லிங்காக இருக்கும் படத்துக்கு வருணனை வேண்டாம். அழுத்தினால் எங்கே போகும் என்பதே வேண்டும். வில் பிடித்தவரின் சின்னத்துக்கு “வில் ஏந்திய மனித உருவம்” என்பது பிழை. “வில்வித்தை” என்பது சரி. பக்கத்திலேயே “வில்வித்தை” என்று எழுத்தும் ஒரே லிங்குக்குள் இருந்தால் ஆல்ட் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே சொல் இரண்டு முறை கேட்கும். காலி ஆல்ட் வேறு, ஆல்ட்டே இல்லாதது வேறு. காலி என்றால் “இதைத் தாண்டிப் போ” என்று பொருள். இல்லாதது என்றால் கோப்பின் பெயர் ஒலிக்கும். “படம்” என்ற சொல்லில் ஆல்ட்டைத் தொடங்கவும் வேண்டாம். அது படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும்.

தானியங்கிச் சோதனைக் கருவி இங்கே கைவிட்டுவிடும். கேமரா கொடுத்த கோப்பின் பெயரையே ஆல்ட்டாகப் போட்டிருந்தால் கருவிகள் பல சமயம் தேறிவிட்டதாகவே காட்டும். ஆல்ட் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அது உண்மையா என்று ஆள்தான் பார்க்க வேண்டும்.

“முகவரியை டைப் செய்யலாமே”

இரண்டாவது புகாருக்கு ஏற்பாட்டுக் குழு சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. விளையாட்டுகளின் பட்டியலுக்கு லிங்க் வழியாகப் போக முடியாவிட்டாலும், அந்தந்தப் பக்கத்தின் முகவரியை பிரவுசரில் நேரடியாக டைப் செய்து போகலாம் என்றார்கள். பக்கம் இருக்கிறது, ஆகவே அணுகல் இருக்கிறது என்ற வாதம். வாசலைப் பூட்டிவிட்டு, சுவரேறிக் குதித்தால் வீட்டுக்குள் போகலாமே என்பதைப் போல.

இதே வாதம் இன்று வேறு உருவில் வருகிறது. மவுஸ் மேலே வந்தால் மட்டும் திறக்கும் மெனு. கிளிக்கை மட்டும் கேட்கும் டிவ் (தனக்கென்று வேலை எதுவும் இல்லாத பொதுப் பெட்டி டேக்). கண்ணுக்கு அது பட்டன். கீபோர்டுக்கு அது வெறும் எழுத்து. டேப் விசை அதன் மேல் நிற்காமல் தாண்டிப் போகும். சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், ஷிஃப்ட்-டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி, எஸ்கேப் ஆகியவற்றை மட்டும் வைத்து முகப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். நான்கு இடங்களில் மாட்டுவீர்கள். மெனு திறக்காது. திறந்த பாப்-அப் பெட்டிக்குள் ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) போகாமல் பின்னாலுள்ள பக்கத்திலேயே அலையும். பெட்டியை மூடினால், எந்தப் பட்டனை அழுத்தித் திறந்தோமோ அங்கே திரும்பாமல் பக்கத்தின் உச்சிக்கு ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. வடிவமைப்பாளருக்குப் பிடிக்கவில்லை என்று ஸ்டைல்ஷீட்டின் முதல் சில வரிகளிலேயே ஃபோகஸ் கோட்டை யாரோ அழித்திருப்பார்கள்.

போகும் இடம் இருந்தால் லிங்க், செய்யும் வேலை இருந்தால் பட்டன். இந்த இரண்டு டேகுகளையும் அவற்றுக்குரிய வேலைக்கு வைத்தாலே கீபோர்டுப் பிரச்சினையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். பிரவுசர் ஃபோகஸையும் என்டரையும் இலவசமாகத் தருகிறது. டிவ்வை வைத்துக்கொண்டு ரோல் (இது பட்டன் என்று அறிவிப்பது), டேப்-இண்டெக்ஸ் (டேப் விசை நிற்கும் வரிசையைக் குறிப்பது), என்டர், ஸ்பேஸ் என்ற இரண்டு விசைக்கும் தனித்தனி நிரல் என்று அடுக்குவது, இருக்கிற கதவை விட்டுவிட்டுச் சுவரில் கதவு செய்வது. டேப்-இண்டெக்ஸில் பூஜ்ஜியத்தைவிடப் பெரிய எண்ணைப் போடவே வேண்டாம். ஓர் இடத்தில் 1 என்று போட்டால் பக்கம் முழுவதன் வரிசையும் கலையும்; அடுத்த ஆள் அதைச் சரிசெய்ய 2 போடுவார்.

அட்டவணை

வழக்கின் மையம் இதுதான். போட்டி முடிவுகள் தரவுத்தளத்திலிருந்து டெம்ப்ளேட் (பக்கத்தின் அச்சு) வழியாகப் பக்கமாக மாறின. டெம்ப்ளேட்டில் இருக்கும் பிழை அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும். திருத்தமும் அப்படியே பாயும். இந்த இரண்டாவது பாதியை மறப்பதால்தான் செலவுக் கணக்கு வீங்குகிறது.

400 மீட்டர் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். தலைப்பு வரிசையின் நான்கு செல்லும் டிடியாக (சாதாரணச் செல்) இருந்தால் அவற்றை டிஎச் (தலைப்புச் செல்) ஆக்கி, ஸ்கோப் பண்பில் நெடுவரிசை என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் பெயர் இருக்கும் செல்லையும் டிஎச் ஆக்கி, ஸ்கோப்பில் வரிசை என்று குறிக்க வேண்டும். இதைத்தான் பலர் விடுகிறார்கள். இடம் எண்தானே முதல் செல், அதைத் தலைப்பாக்கலாமே என்று தோன்றும். “2” என்பது அந்த வரிசையின் அடையாளம் அல்ல, “கிரஹாம்” தான் அடையாளம். மேலே கேப்ஷன்: “பெண்கள் 400 மீட்டர், இறுதி”. ஒரே பக்கத்தில் தகுதிச்சுற்று, அரையிறுதி, இறுதி என்று பல அட்டவணைகள் இருக்கும்போது, என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் டி விசையை அழுத்தி அட்டவணை அட்டவணையாகத் தாவுபவருக்குக் கேப்ஷன்தான் பெயர்ப்பலகை.

இவ்வளவு செய்தபின் அதே கடைசி நெடுவரிசையில் இறங்கினால், “கிரஹாம், 49.58” என்று கேட்கும், அந்த நெடுவரிசைக்குள் நுழையும்போதே “நேரம்” என்று ஒரு முறை சொல்லிவிடும். திரையில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

எல்லா அட்டவணையும் இவ்வளவு சாதுவாக இருக்காது. நீளம் தாண்டுதலில் ஆறு முயற்சி, ஒவ்வொன்றின் கீழும் தூரமும் காற்றின் வேகமும் என்று தலைப்பே இரண்டு அடுக்காகிவிடும். மேலடுக்குச் செல்லுக்கு நெடுவரிசைக் குழு என்ற ஸ்கோப். அதுவும் குழப்பினால் ஒவ்வொரு தலைப்புக்கும் ஐடி கொடுத்து, ஒவ்வொரு செல்லிலும் ஹெடர்ஸ் பண்பில் அந்த ஐடிகளைக் குறிப்பிட வேண்டும். டெம்ப்ளேட் இதைத் தானே எழுதிக்கொள்ளும், கையால் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் அனுபவத்தில் சிறந்த தீர்வு அட்டவணையை இரண்டாக உடைப்பதுதான். பார்வையுள்ளவர் மொபைலில் படிக்கவும் அதுவே வசதி.

பிரெய்ல் டிஸ்ப்ளேயின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அதில் ஒரே ஒரு வரி. பொதுவாக 40 அல்லது 80 எழுத்துக் கட்டங்கள். அட்டவணை வடிவம் என்ற ஒன்று அதில் கிடையாது. பக்கத்தை அழகாக நிறுத்துவதற்காகவே ஓர் அட்டவணை, அதற்குள் முடிவு அட்டவணை, ஓரத்தில் விளம்பரத்துக்கு இன்னொன்று என்று கட்டுவது அன்றைய வழக்கம். அப்படிப்பட்ட பக்கத்தில் விரல் நுனிக்கு வருவது எந்தச் செல்லின் எந்தத் துண்டு என்று ஊகித்துக்கொண்டே போக வேண்டியதுதான். கோடின் வரிசையும் படிக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதியின் முழுப் பொருளும் அந்த ஒரு வரியில் தெரியும்.

கணக்கு

இனி அந்த மணிக்கணக்கு. ஏற்பாட்டுக் குழுவின் தரப்பு சொன்னது: முடிவு அட்டவணைகள் 37 விளையாட்டுகளின் தரவிலிருந்தும் 1,295 டெம்ப்ளேட்டுகளிலிருந்தும் வருகின்றன, ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தால் 368 நாள் ஆகும், கூடுதல் உள்கட்டமைப்புக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும்.

மகுவையர் தரப்பில் ஜூட்டா ட்ரெவிரானஸ், டாம் வொர்திங்டன் என்ற இரண்டு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். டெம்ப்ளேட் எண்ணிக்கை 1,295-ஐவிட மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் சுமார் 10 நிமிடம். மொத்தச் செலவு சொற்பம் என்றார்கள். வழிகாட்டியின் முதல் நிலையான ‘ஏ’ அளவுக்குத் தளத்தைக் கொண்டுவர, அனுபவமுள்ள ஒரு டெவலப்பரும் ஐந்து முதல் பத்து உதவியாளர்களும் இருந்தால் நான்கு வாரம் போதும் என்பது வொர்திங்டனின் மதிப்பீடு.

இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் வேறுபாடு எங்கே என்று தெரியும். 368 நாள் என்பது 2,944 மணி நேரம். அதை முழுக்க 1,295 டெம்ப்ளேட்டுக்கே பகிர்ந்தால் ஒன்றுக்குச் சுமார் 2 மணி 16 நிமிடம். மறுபுறம், 1,295 என்ற எண்ணை வாதத்துக்காக அப்படியே ஒப்புக்கொண்டு 10 நிமிடத்தால் பெருக்கினால் 12,950 நிமிடம்; ஏறத்தாழ 216 மணி நேரம்; ஒரே ஆளுக்கு 27 வேலை நாள். எண்ணிக்கையில் சண்டையே போடாமல், ஒன்றுக்கு ஆகும் நேரத்தை மட்டும் திருத்தினாலே ஓராண்டு ஒரு மாதமாகச் சுருங்குகிறது.

எண்ணிக்கையிலும் சண்டை நியாயமானதே. சிட்னியில் நடந்தவை 300 பதக்கப் போட்டிகள். முடிவு அட்டவணையின் வடிவத்தை மட்டும் பார்த்தால், நேரத்தால் வரிசைப்படும் ஓட்டம், நீச்சல் வகை, பல முயற்சிகளில் சிறந்ததை எடுக்கும் தாண்டுதல், எறிதல், பளுதூக்குதல் வகை, நடுவர் புள்ளி, இரு அணி ஸ்கோர், நாக்-அவுட் கட்டம், பல போட்டிகளின் கூட்டுத்தொகை. கையிலுள்ள விரல்களுக்குள் அடங்கிவிடும். 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் தனித்தனி கோப்பு இருக்கலாம். ஆனால் தலைப்புச் செல்லை டிஎச் ஆக்குவது என்ற முடிவை இரண்டு முறை எடுக்கத் தேவையில்லை.

ஆகவே எந்தத் தளத்தை எடுத்தாலும் முதல் வேலை எண்ணுவது. பக்கங்களை அல்ல, வடிவங்களை. 4,000 பக்கம் இருக்கிறது, எப்படி முடியும் என்று கை விரிக்கும் தளத்தில், தலைப்பகுதி, மெனு, படிவக் கட்டம், அட்டவணை, கார்டு, பாப்-அப், பக்க எண் வரிசை, பிழைச் செய்தி என்று பிரித்தால் பெரும்பாலும் இருபது முப்பது துண்டுகளில் முழுத் தளமும் வந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பக்கத்தில் வருகிறது, எந்தக் கோப்பில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது முக்கியம். திருத்தம் நின்றுபோவது பெரும்பாலும் தெரியாததால் அல்ல, அந்தக் கோப்பு வேறொரு ஒப்பந்ததாரரிடம் இருப்பதால்.

தீர்ப்பும் அதன் பின்னும்

விசாரணை நடக்கும்போதே தளத்தில் பல படங்களுக்கு ஆல்ட் சேர்க்கப்பட்டது; ஆனால் முழுமையாக அல்ல. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. 2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணையர் வில்லியம் கார்ட்டர் மகுவையருக்குச் சாதகமாக முடிவு சொன்னார். மூன்று கோரிக்கைகளையும் செப்டம்பர் 15-க்குள் நிறைவேற்ற வேண்டும் என்றார். செப்டம்பர் 15 என்பது போட்டித் தொடக்க விழா நாள். ஏற்பாட்டுக் குழு ஓரளவே நிறைவேற்றியது. நவம்பரில் ஆணையம் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது.

ஒலிம்பிக் அதற்குள் முடிந்துவிட்டது. ஃப்ரீமன் ஓடிய அன்று அந்த நேரத்தைத் தானாகப் படிக்க முடியாதவருக்கு நவம்பரில் வந்த பணம் எதற்கு ஈடு என்று கேட்கலாம். புகாரிலிருந்து தொடக்க விழா வரை 15 மாதம் இருந்தது. நிபுணர்கள் கேட்டது நான்கு வாரம்.

இன்று அதே பட்டியலைச் செய்தால்

வழிகாட்டி இப்போது 2.2 பதிப்பில் இருக்கிறது. 2023 அக்டோபர் 5-இல் வந்தது. பொதுவாகக் கேட்கப்படுவது அதன் ‘ஏஏ’ நிலை. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. 2025 அறிக்கையில் 94.8 சதவீதத்தில் பிழை கண்டது. பிழைகளில் 96 சதவீதம் ஆறே வகைக்குள் அடங்கின: மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாமை, லேபிள் இல்லாத படிவக் கட்டம், காலி லிங்க், காலி பட்டன், பக்கத்தின் மொழியைக் குறிக்காமை. மகுவையரின் முதல் கோரிக்கை இன்னும் பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறது.

மங்கலான எழுத்து முதலிடம் பிடிப்பதில் வியப்பில்லை. சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5-க்கு 1 ஒளி வேறுபாடு வேண்டும். 24 பிக்சல், அல்லது தடித்த எழுத்தானால் 18.66 பிக்சல், அதற்கு மேல் 3-க்கு 1 போதும். வெள்ளையில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.48 வரும், தோல்வி. 767676 என்றால் 4.54, தேர்ச்சி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வடிவமைப்பாளர்கள் ஆசையாக எடுக்கும் 999999 வெறும் 2.85. இதை ஒவ்வொரு பக்கமாகத் தேட வேண்டாம். நிற மாறிகள் ஒரே கோப்பில் இருந்தால் ஒரு மாலையில் முடியும் வேலை. எல்லையில் நிற்காமல் 595959 பக்கம் போய்விட்டால், 7-க்கு 1 கிடைக்கும். வெயிலில் போன் பார்ப்பவரும் வாழ்த்துவார். கட்டத்தின் விளிம்பு, ஐகான், ஃபோகஸ் கோடு ஆகியவற்றுக்கும் 3-க்கு 1 தேவை என்பதை மறக்கிறார்கள்.

படிவத்தில் லேபிளுக்குப் பதிலாகக் கட்டத்துக்குள் மங்கலாக எழுதுவது இன்றைய மோஸ்தர். டைப் செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பாதியில் போன் வந்து திரும்புகிறவருக்கு எந்தக் கட்டத்தில் என்ன கேட்டார்கள் என்றே தெரியாது. லேபிளை வெளியே எழுதி, அதன் ஃபார் பண்பில் கட்டத்தின் ஐடியைக் கொடுங்கள். பிழையைச் சிவப்பு விளிம்பால் மட்டும் காட்டாமல், “தேதி 2000-09-25 என்ற வடிவில் வேண்டும்” என்று எழுத்தில் சொல்லி, அந்த வரியை ஏரியா-டிஸ்கிரைப்டுபை என்ற பண்பின் மூலம் கட்டத்தோடு கட்டுங்கள். அனுப்பும்போது பிழை இருந்தால் ஃபோகஸ் முதல் பிழைக் கட்டத்துக்குப் போக வேண்டும். ஏற்கெனவே நிரப்பியது எதுவும் அழியக் கூடாது. சொல்லவே வேண்டாத விதி, மீறப்படும் விதி.

பக்கத்தின் மொழி ஒரே ஒரு பண்பு. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்துவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயலும். சில குரல்கள் மௌனமாகவே தாண்டும். இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்த பக்கமென்றால் மொழிக்குறி சரியாக இருந்தும் பயனில்லை; திரையில் தமிழ், ஸ்கிரீன் ரீடரில் தொடர்பற்ற ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோடு, பிறகு மற்றவை.

அளவுகளில் இன்னும் இரண்டைச் சோதியுங்கள். 1280 பிக்சல் அகல ஜன்னலை 400 சதவீதம் பெரிதாக்கினால் 320 பிக்சல் திரைக்குச் சமம்; அப்போது வரியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்தத் தேவைப்படக் கூடாது. முடிவு அட்டவணை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் அட்டவணை மட்டும்தான் நகர வேண்டும், பக்கம் அல்ல. அழுத்தும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல். கை நடுக்கம் உள்ளவருக்கு அதுவும் சிறிதுதான்.

ஒரு வரி ஸ்கிரிப்டைச் சேர்த்தால் தளம் தானாக விதிக்கு இணங்கிவிடும் என்று விற்கிறார்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மேல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் செலுத்தக் கோரும் நடவடிக்கை எடுத்தது. டிஎச் எது என்று டெம்ப்ளேட்டை எழுதியவருக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒட்டப்படும் ஸ்கிரிப்ட் ஊகிக்க மட்டுமே முடியும். “எழுத்து மட்டும்” என்று தனியாக ஒரு தளம் வைப்பதும் இதே சேர்த்திதான். மூன்றாவது மாதத்தில் அது பழைய தகவலோடு தூங்கிக்கொண்டிருக்கும்.

சோதனை

2000-இல் சோதிக்க விரும்பியவர்களுக்கு லின்க்ஸ் என்ற எழுத்து பிரவுசரும், விலை கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடர்களும் இருந்தன. இப்போது விண்டோஸில் என்விடிஏ இலவசம். தற்செயலாக அதுவும் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கியதுதான். ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் கூடவே வருகின்றன. வரிசை இப்படி வைத்துக்கொள்வது நல்லது: ஆக்ஸ் அல்லது வேவ் கொண்டு தானியங்கிச் சோதனை, பிறகு கீபோர்டு மட்டும், பிறகு ஸ்கிரீன் ரீடர், கடைசியாக அதை அன்றாடம் பயன்படுத்தும் ஆட்கள். தலைகீழாகச் செய்தால், வருகிறவரின் நேரம் முழுவதும் ஆல்ட் இல்லாத படங்களைச் சுட்டிக்காட்டுவதிலேயே போய்விடும். அதைக் கருவியே சொல்லியிருக்கும்.

அட்டவணைக்கு என்விடிஏவில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் செல் செல்லாக நகருங்கள். (இந்த ஆல்ட் விசை, படத்தின் ஆல்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முழுத் தரவோடு மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள். தொடங்காத போட்டி, பாதி ஓட்டத்தில் விலகியவர், தகுதி நீக்கப்பட்டவர், ஒரே இடத்தைப் பகிர்ந்த இருவர் ஆகிய நான்கையும் டெம்ப்ளேட்டில் ஏற்றிக் கேளுங்கள். விலகியவரின் நேரச் செல்லில் வெறும் கோடு போட்டிருந்தால் பல ஸ்கிரீன் ரீடர்கள் ஒன்றும் சொல்லாமல் போகும். “முடிக்கவில்லை” என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு பேரின் இடத்தை ஒரே செல்லாக இணைத்திருந்தால், இரண்டாவது பெயரில் நிற்பவருக்கு அவர் எந்த இடம் என்றே கேட்காமல் போகலாம்.

நேரலை முடிவுப் பக்கத்தில் இன்னொன்று. முப்பது விநாடிக்கு ஒரு முறை பக்கம் முழுவதும் புதுப்பித்துக்கொண்டால், ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு முறையும் உச்சியிலிருந்து படிக்கத் தொடங்கும். ஆறாவது ஆளைத் தாண்டி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாறிய செல்லை மட்டும் மாற்றுங்கள். நிறுத்தி வைக்க ஒரு பட்டன் கொடுங்கள். ஏரியா-லைவ் என்ற பண்பை முழு அட்டவணைக்கும் போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது கத்திக்கொண்டே இருக்கும், அட்டவணைக்கு மேலே ஒரே ஒரு வரியில், ‘பொலைட்’ (குறுக்கிடாமல் காத்திருந்து சொல்லும்) அளவில் போடுங்கள்: “இறுதி முடிவு வந்துவிட்டது. முதலிடம் ஃப்ரீமன், 49.11.”